செப்புக்குடத்தில் வந்த கடல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது வயதாகிவிட்டது, பல்லும் குறைந்துவிட்டது, அதனால் என் கோபத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அப்போது அப்படி இல்லை. கோபக்காரன் மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டான் என்று என் ஆட்கள் எனக்காகப் பரிந்து பேசுவார்கள். நான் வைத்துக்கொள்ளாதது வாஸ்தவந்தான். திட்டி முடித்த கையோடு எனக்கு மறந்துவிடும். வாங்கிக்கொண்டவர்கள் அதை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பேராசிரியர் பாடம் நடத்துவார், நான் தவளையை அறுத்துக் காட்டுவேன், அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் மண்டைக்கனத்துக்குக் குறைச்சல் இல்லை. கோச்சடையில் வாடகை வீடு. மனைவி பேரையூர்ப் பக்கம் விவசாயம் செய்கிற சம்சாரி வீட்டுப் பெண். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. தங்கவில்லை என்று சொல்வார்கள் எங்கள் பக்கம். வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசுவதற்குத் தெருவில் ஆள் இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்களை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போவோம். ராஸ் என்கிற மீன் ஜாதியை உயிரோடு, அதன் கடலுக்குள்ளேயே, அங்கேதான் முதலில் பார்த்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் ஃபார்மலின் ஜாடிக்குள் வெளுத்துக் கிடந்தவை. படகுக்காரர் ஒருவர் அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி வைத்திருந்தார். அதைத் தண்ணீரில் அமுக்கிக் குனிந்து பார்த்தால் இடுப்பளவு ஆழத்தில் பாறையும் பவளமும் துலக்கமாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே விரல் நீளத்தில் பச்சை மீன்கள். மற்ற மீன்கள் வாலை ஆட்டி நீந்தும். இவை வாலைச் சும்மா வைத்துக்கொண்டு, பக்கத்துத் துடுப்பு இரண்டையும் போட்டு வலித்தன. முன்பல் துருத்திக்கொண்டு இருந்தது. இரண்டு கண்ணும் தனித்தனியே உருண்டன. ஒன்று ஒரு நத்தையை வாயில் கவ்விக்கொண்டுபோய்ப் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்து உடைத்துத் தின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

இன்னொரு பாறையில் அதே ஜாதியில் வேறு வகை, நீலக்கோடு போட்ட சுண்டுவிரல் மீன். அதன் முன்னால் முழ நீளக் களவா மீன் ஒன்று வாயைத் திறந்துகொண்டு, பல் டாக்டரிடம் போனவன் மாதிரி அசையாமல் நின்றது. சின்னது வாய்க்குள்ளேயே போய், செவுளில் ஒட்டியிருந்த பூச்சியைப் பொறுக்கித் தின்றுவிட்டு வெளியே வந்தது. களவா அதை விழுங்கவில்லை.

"என்ன சார் அம்புட்டு நேரமாப் பாக்குறீங்க? வலையில வந்தா இதைப் பூனைக்குத்தான் போடுவோம்" என்றார் படகுக்காரர். எல்லாவற்றையும் சேர்த்துக் கிளிமீன் என்றார். அவருக்கு அது ஒரு மீனாகவே தெரியவில்லை. எனக்கு அன்றைக்கே பித்துப் பிடித்துவிட்டது.

மதுரையில், வீட்டுக்குள், கடல் மீன் வளர்ப்பது. அந்தக் காலத்தில் அப்படி ஒருத்தரும் எங்கள் ஊரில் செய்ததாக எனக்குத் தெரியாது. அதுதான் ஆசைக்குக் காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். இரும்புச் சட்டம் போட்டு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி செய்தேன். இரும்பு உள்பக்கம் தண்ணீரில் படக்கூடாது என்று இரண்டு பூச்சு தார் அடித்தேன். நீலக்கோடு மீனைப் பிடிக்கவில்லை. சுத்தம் செய்யக் களவா இல்லாவிட்டால் அது பட்டினி கிடந்து செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும், கடல் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும் என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்தவன் நான். பச்சை மீனில் ஐந்து பிடித்தேன். கல்லூரியில் ஆசிட் வருகிற பெரிய கண்ணாடி ஜாடிகளைக் கழுவிக் கடல் தண்ணீர் நிரப்பி, பாசஞ்சர் ரயிலில் மடியில் பிள்ளையை வைத்திருப்பவன் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தேன். ஒன்று வழியில் செத்தது. நாலு பிழைத்தன.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வீடு அல்லோலகல்லோலப்பட்டுக் கிடக்கிறது. மனைவி கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா கையில் விளக்குமாறு, ஜன்னலில் தெருப்பூனை ஒன்று.

"நாலும் போயிருச்சுங்க! நான் அடுப்படிக்குப் போயிட்டு வாரதுக்குள்ள காணோம். அந்தப் பூனைதான். அது மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றாள் மனைவி.

நான் சிரித்த சிரிப்பில் அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டாள். இந்த மீன் பொழுது சாய்ந்தால் மணலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து புதைந்துகொள்ளும், விடிந்தபிறகுதான் எழும் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. மறுநாள் காலை வாசல் தெளித்துவிட்டு வந்து தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஏழு மணி வாக்கில் மணலில் ஒரு மூக்கு முளைத்தது, பிறகு ஒரு கண். அந்தக் கண் சுற்றுமுற்றும் பார்த்தது. "ஆத்தீ! நல்லா விடிஞ்சிருச்சான்னு பாக்குது! எங்க ஊர்ல எந்தச் சோம்பேறியும் இம்புட்டு நேரம் தூங்க மாட்டான்" என்று கைகொட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அதன்பிறகு தொட்டி என்னுடையது, மீன்கள் அவளுடையவை. மார்க்கெட்டில் கூனி இறால் வாங்கிவந்து, அரிவாள்மனையில் அரிசி அரிசியாக நறுக்கி, விரல் நுனியில் ஒட்டவைத்துத் தண்ணீருக்குள் நீட்டுவாள். பெண் மீன்களில் பெரியது ஒன்று விரலிலிருந்தே தின்னப் பழகிவிட்டது. அதை 'நம்மாளு' என்பாள். நான் கல்லூரியிலிருந்து வந்ததும் அன்றைய சேதியெல்லாம் வரும். "நம்மாளு இன்னைக்கு என் வளையலைப் பிடிச்சு இழுக்குதுங்க." கரண்ட் போய் காற்று மோட்டார் நின்றுவிட்டால், ஒரு எவர்சில்வர் சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு இருப்பாள். ஒரு மணி நேரமானாலும் நிறுத்த மாட்டாள். கரண்ட் வந்தபிறகு தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். தைலம் வேண்டுமா என்றுகூடக் கேட்டதில்லை.

இரண்டாம் மாதம் ஆண் மீன் தொட்டியை விட்டுத் துள்ளிவிட்டது. மூடியில் நான் விட்ட இடைவெளி. பீரோவுக்குப் பின்னால் காய்ந்து கிடந்ததை அவள்தான் எடுத்தாள். மூன்று வாரம் போனபிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நம்மாளு மூஞ்சியில புதுசா ரோஸ் கலர்ல கோடு விழுகுது, பாருங்க" என்றாள். எனக்குப் புல்லரித்தது. புத்தகத்தில் படித்தது என் வீட்டு முன்னறையில் நடக்கிறது. கூட்டத்தில் ஆண் போய்விட்டால் பெண்களில் பெரியது ஆணாக மாறிவிடும், நிறம் மட்டுமில்லை, உள்ளேயும் மாறிவிடும் என்று சொன்னேன்.

"அம்புட்டு லேசா மாறிக்கிருமா? அப்ப இதுககிட்ட வந்து, பொம்பளை மேலதான் குத்தம்னு எவளும் சொல்ல முடியாதுல்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு மீனின் நிறத்தை எழுதிக்கொண்டேன்.

ஐந்து மாதம் நன்றாகப் போயிற்று. மாதம் ஒருமுறை மண்டபம் போய்க் கண்ணாடி ஜாடிகளில் தண்ணீர் கொண்டுவந்து பாதித் தண்ணீரை மாற்றுவேன். ஆவணியில் கல்லூரியில் சாமான்களைச் சரிபார்க்க ஆள் வரப்போகிறது என்றார்கள். ஜாடிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த தடவை எதில் கொண்டுவருவது?

"எங்கிட்ட ஊறுகாப் பரணி ரெண்டு இருக்குல்ல, பீங்கான். அதைக் கொண்டுபோங்க. கழுவிக் காயவச்சுத் தாரேன்" என்றாள் மனைவி. அவள் சீரில் வந்தவை, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம் இருக்கும்.

"ஊறுகாய் நாத்தம் போகுமா? மீன் வளக்கப் போறேனா, மாவடு போடப் போறேனா?" என்றேன். எங்கள் வீட்டில் ஒரு செப்புக்குடம் இருந்தது, திருகுமூடி போட்டது. எங்கள் குடும்பத்தில் யார் ராமேஸ்வரம் போனாலும் அதில்தான் தீர்த்தம் பிடித்துவருவார்கள். வருஷக்கணக்கில் சாமி அலமாரியில் இருக்கும், புழு வைக்காது, நாற்றம் வராது. செம்பில் வைத்த தண்ணீர்தான் சுத்தம் என்று கேட்டே வளர்ந்தவன். அதையும் அதற்குத் தோதாக இன்னொரு செப்புத் தவலையையும் எடுத்துக்கொண்டேன்.

அவள் வாசல்வரை வந்தாள். "ஏங்க, செம்புல புளித்தண்ணி வச்சாலே களிம்பு ஏறும். இது முழுக்க உப்பு. பரவாயில்லையா?"

"களிம்பு ஏற இது என்ன உன் ரசமா? எட்டாவது படிச்சிட்டு எனக்குச் சொல்லிக்குடுக்க வாரியாக்கும்."

அவள் சிரித்தபடி உள்ளே போய்விட்டாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அந்தத் தண்ணீரை மாற்றிய மூன்றாம் நாள் மீன்கள் சரியாகத் தின்னவில்லை. மூச்சு வாங்கின. தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைத்து, குடத்தில் மிச்சமிருந்த 'நல்ல' தண்ணீரில் இன்னும் கொஞ்சம் மாற்றினேன். சின்னது ஒன்று செத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஓடினேன் மண்டபத்துக்கு, மறுபடி குடம் நிறைய. நோய் முற்ற முற்ற மருந்தைக் கூட்டுகிற வைத்தியன் மாதிரி ஊற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது சின்னதும் செத்தது. நம்மாளு மட்டும் மிச்சம். அவள் விரலை நீட்டினால் வரும், வந்து முட்டும், தின்னாது.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில்தான் அரைக்குடம் மாற்றிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். அங்கே யாரோ என்னவோ சொல்லி எனக்கு ஏற்கெனவே எரிச்சல். ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறேன், மனைவி தொட்டி முன்னால் நிற்கிறாள். முழங்கை வரை தண்ணீருக்குள். சாய்ந்து சாய்ந்து விழுகிற மீனை உள்ளங்கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றி மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள், கையெல்லாம் மஞ்சள். நான் பக்கத்தில் போன நேரம் மீன் ஒருமுறை வாயைத் திறந்தது, அப்படியே நின்றுவிட்டது. அவள் கையிலேயே போய்விட்டது.

"மஞ்சக் கையையா உள்ள விட்ட?" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. "விழுந்து விழுந்து..." என்று என்னவோ சொல்ல வந்தாள்.

அதற்குமேல் நான் சொன்னதை நாற்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன். "உன் கையில எதுடி தங்கிருக்கு, இது தங்குறதுக்கு?"

சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள் மீனை மெதுவாகத் தண்ணீருக்குள்ளேயே விட்டாள். கையை வெளியே எடுத்து, இரண்டு கையையும் விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அழவில்லை. கொல்லைக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ராத்திரி சோறு போட்டாள், தின்றேன். ரசம் நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன். எனக்குக் கோபம் தணிந்துவிட்டது அல்லவா, ஆகவே விஷயம் முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா பிறகொரு நாள் சொன்னாள், அன்றைக்கு மதியம் இரண்டு மணியிலிருந்தே அவள் அப்படி நின்றுகொண்டு இருந்தாளாம். காப்பி போட்டுத் தருகிறேன் என்றதற்கு, கையை எடுத்தால் மீன் கவிழ்ந்துவிடும் என்று வேண்டாமென்றாளாம்.

ஐப்பசியில் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, குடத்தைத் திரும்பச் சாமி அலமாரியில் வைப்பதற்காகத் திறந்தேன். அடியில் ஒரு சாண் தண்ணீர் மிச்சம். அதன் மட்டத்துக்குச் சுற்றிலும் பச்சையாக ஒரு வளையம். ஒரு பாட்டிலில் பிடித்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய், வேதியியல் லேபில் சோதனைக் குழாயில் ஊற்றி அமோனியா விட்டேன். பியூசி பையன் செய்கிற சோதனை. குழாய் நீலமாயிற்று. தாமிரம்.

எனக்குத் தெரியாத விஷயமா? தொட்டியில் நத்தையைக் கொல்ல, பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடச் சொல்லி மாணவர்களுக்கு நோட்ஸ் கொடுத்தவனே நான்தான். மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். அதை லேபில் வைத்துவிட்டு, வீட்டில் செம்பைச் சாமி அலமாரியில் வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எட்டாவது படித்தவளுக்குத் தோன்றியது. அவள் அதற்குக் களிம்பு என்று பெயர் சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம். வாரம் தவறாமல் கடலைக் கொண்டுவந்து நானே என் கையால் விஷம் ஊற்றியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று தீர்மானமாகத்தான் வீட்டுக்குப் போனேன். அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். "ஏன், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். சொன்னால், களிம்பு ஏறும் என்று அவள் சொன்னதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட, அந்த வார்த்தையை மறுபடி வெளியே எடுக்க வேண்டும். அவள் மறந்திருப்பாள், நானே எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கு என்பது கார்த்திகை ஆயிற்று, தை ஆயிற்று. குடத்தைப் புளி போட்டுத் துலக்கி அலமாரியில் வைத்தது அவள்தான். உள்ளே பச்சையைப் பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஐப்பசிக் கடைசியில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம், பிரசவத்துக்கு மதுரையில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மனைவி தினமும் போய்வந்தாள். துணி துவைத்தாள், பத்தியச் சமையல் செய்தாள், தொட்டிலை ஆட்டினாள். தொட்டிலின் கயிற்றைப் பிடித்து ஆட்டினாளே தவிர, பிள்ளையை ஒருமுறையும் எடுக்கவில்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை, பிள்ளையைத் தூக்குவதற்கு வீட்டில் ஆளா இல்லை?

வைகாசியில், ஏழாம் மாதம், வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் குலசாமி கோயிலில் காது குத்து. நான் தாய்மாமன். புது வேட்டி கட்டி, மாலை போட்டு, மணையில் கிழக்கே பார்த்து உட்காரவைத்தார்கள். எங்கள் வகையில் தாய்மாமன் பெண்டாட்டிதான் பிள்ளையைத் தூக்கிவந்து மாமன் மடியில் உட்கார்த்த வேண்டும். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். என் தங்கை பிள்ளையை நீட்டினாள். "இந்தாங்க மதினி, அண்ணே மடியில குடுங்க" என்றாள்.

மனைவி ஓரடி பின்னால் வைத்தாள். முந்தானையை இழுத்து இரண்டு கையையும் அதற்குள் சுருட்டிக்கொண்டாள். "என் கை வேணாம். வேற ஆரையாச்சும் குடுக்கச் சொல்லு" என்றாள்.

"என்ன மதினி இது? நீங்க தூக்காம ஆரு தூக்குவா?"

"என் கையில எதுவும் தங்காதும்மா. இது நல்லாருக்கட்டும்."

மெதுவாகத்தான் சொன்னாள். மேளம் நின்றிருந்த நேரம், அத்தனை பேருக்கும் கேட்டது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கலைந்துபோன இரண்டைச் சொல்கிறாள் என்று நினைத்து ஒரு கிழவி "பாவம், மனசு விட்டுப்போச்சு" என்றாள். எனக்குத்தான் தெரியும். அது அவள் வார்த்தை இல்லை, என் வார்த்தை. எட்டு மாதத்துக்கு முன்னால் நான் சொல்லிச் சட்டையைக் கழற்றி மாட்டியது, அப்படியே அவள் வாயிலிருந்து வருகிறது. நான் மணையில் மடியை விரித்து உட்கார்ந்திருந்தேன். எழுந்து, "அது பொய், நான் சொன்ன பொய்" என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை சொந்தமும் இருக்கிறதே என்று பார்த்தேன். என் கௌரவத்தைப் பார்த்தேன். தங்கை மாமியார் பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்தாள். பிள்ளை வீறிட்டது. நான் குனிந்துகொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, வாடிப்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்றோம். புளியமரத்தடி. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அங்கே சொன்னேன்.

"அந்த மீன் உன்னால சாகலை. செப்புக்குடத்துத் தண்ணிதான். நீ சொன்ன களிம்புதான். மூணும் அதுலதான் செத்துச்சு. நான் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எப்பப் பாத்தீக?" என்றாள்.

பொய் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "ஐப்பசியில."

விரலை மடக்கி எண்ணினாள். கார்த்திகை, மார்கழி, தை என்று உதடு அசைவது தெரிந்தது. ஏழு விரல் வந்தது.

"ஏழு மாசம்" என்றாள். "ஏழு மாசமா இந்தக் கையாலதான உங்களுக்குச் சோறு போட்டேன்? மூணு வேளையும் வாங்கித் தின்னீகளே. ஒரு வேளைகூடச் சொல்லணும்னு தோணலையா?"

நான் என்னவோ உளறினேன். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை எங்கள் காலத்து ஆம்பிளை யாரும் பெண்டாட்டியிடம் சொன்னதில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வேறு ஏதேதோ சொன்னேன். பஸ் வந்தது. அவள் முன்வழியாக ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சமயநல்லூர் தாண்டும்வரை அவள் தலை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அரிசி களைந்து உலை வைத்தாள்.

உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனிச் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். சோதனைக் குழாயில் நிறம் மாறுகிற மாதிரி மனுஷ மனசும் மாறிவிடும் என்கிற நினைப்பு. அவள் எப்போதும்போல இருந்தாள், பேசினாள், சிரித்தாள்கூட. கோயிலில், கல்யாண வீட்டில் யாராவது பிள்ளையை நீட்டினால் மட்டும் அவளுக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். அதன்பிறகும் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

அடுத்த வருஷம் கோடையில் தங்கை பிள்ளையை அழைத்துக்கொண்டு கோச்சடைக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஒன்றரை வயசு, ஓடுகிற வயசு. தங்கை கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தாள். மனைவி முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தட்டுத்தடுமாறி ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது. பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, தூக்கு தூக்கு என்று நின்றது.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். கை பாதி தூரம் போயிற்று, அங்கேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தூக்கட்டுமாங்க?" என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே என்னிடம் உத்தரவு கேட்டாள். நான் பேப்பரை இறக்கிவிட்டு, "தூக்கு" என்றேன். அவள் தூக்கிக்கொண்டாள். எழுந்துபோய் அவள் காலில் விழுந்திருக்க வேண்டியவன், நாற்காலியில் உட்கார்ந்தபடி அவளுக்கு அனுமதி கொடுத்தேன்.